ஆநிரை மேய்த்த அருட்கவி

திருச்சிற்றம்பலம்

சங்கரராமேசுவரப் பெருமான் பாகம்பிரியாள் அம்மையோடு எழுந்தருளியிருக்கும் இத்திருக்கோயிலில், ஐப்பசித் திருவிழாவினை முன்னிட்டுக் கூடியிருக்கும் சிவநேயச் செல்வர்களே! தாய்மார்களே! 

இன்று அடியேனுக்குப் பணிக்கப்பட்ட பொருள் திருமூலதேவ நாயனாரின் வரலாறும், அவர் அருளிய திருமந்திரமும் ஆகும். ஐப்பசி மாதத்து அசுவதி நாயனாரின் குருபூசைத் திருநாள். ஆகவே காலத்திற்கு ஏற்ற பொருள். இடத்திற்கும் ஏற்ற பொருளே. இவ்வூருக்குத் திருமந்திர நகர் என்பது பழம்பெயர். இறைவன் உமையம்மைக்குப் பிரணவத்தின் பொருளை இவ்விடத்தே உபதேசித்தருளினான் என்று தலபுராணம் அப்பெயருக்குக் காரணம் கூறும். நாயனாரின் நூலால் வந்த பெயர் அன்று அது. ஆயினும், திருமந்திர நகரத்தார் திருமந்திரத்தைக் கேளாதிருத்தல் பொருந்துமோ? தோணியும் கப்பலும் வந்து போகும் இவ்வூர் வாணிகம் ஒன்றையே அறிந்த ஊரும் அன்று. கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளை சிவஞானபோதத்திற்குத் தாம் எழுதிய உரையை 1935 இல் வெளியிட்டார். துறைமுகத்திற்குத் தம் பெயரைத் தந்த பெரியவர் சித்தாந்தத்திற்கு உரை தந்தவரும் ஆவார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நாயன்மார் அறுபத்துமூவருள் ஆநிரையோடு தொடர்புடையவர் மூவர். ஆனாய நாயனார் கொன்றை மரத்தின் கீழ் நின்று திருவைந்தெழுத்தைக் குழலில் வைத்து வாசித்தார். சண்டேசுர நாயனார், இடையன் ஒருவன் பசுவைக் கோலால் அடித்தலைக் கண்டு பொறாது, அந்நிரையைத் தாமே மேய்க்கும் பொறுப்பை ஏற்றார். மூன்றாமவர் திருமூலர். முதல்வர் குழலால் வழிபட்டார். அடுத்தவர் பாலால் வழிபட்டார். மூன்றாமவர் பாட்டால் வழிபட்டார். மாடு மேய்த்த உடம்பில் இருந்துகொண்டு மூவாயிரம் பாடிய கவிஞர் அவர் ஒருவரே.

பொதியமலைக்குப் புறப்பட்டவர்

நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் 28 பாடல்களில் சுருக்கமாகவும் செறிவாகவும் பாடியிருக்கிறார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இவரைப் போற்றுகின்றார். ஆதலின் நாயனார் சுந்தரருக்கு முற்பட்டவர் என்பது தெளிவு. அதற்கு எத்துணைக் காலம் முற்பட்டவர் என்பதில் ஆராய்ச்சியாளர் பலவாறாகக் கூறுவர். அந்த ஆராய்ச்சி ஈண்டு நமக்கு வேண்டுவதில்லை.

திருக்கயிலாயத்தில் நந்தியெம்பெருமானின் மாணாக்கராய் இருந்த சிவயோகியார் ஒருவர், பொதியமலையில் எழுந்தருளியிருக்கும் அகத்திய முனிவரிடம் கொண்ட நட்பினால், அவரோடு சில காலம் தங்க விரும்பித் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். திருக்கேதாரம், நேபாளத்துப் பசுபதி, காசி, திருப்பருப்பதம், திருக்காளத்தி, திருவாலங்காடு, காஞ்சி, திருவதிகை, தில்லை என்று தலந்தோறும் வணங்கிக் காவிரிக் கரையை அடைந்தார். திருவாவடுதுறைப் பெருமானை வணங்கினார். அவ்விடத்தை விட்டு நீங்க மனமின்றியே நீங்கினார்.

அன்பர்களே! அவர் நாடிப் புறப்பட்ட பொதியமலை எது? நம் பொருநையாறு பிறக்கும் மலை. அம்மலையிலிருந்து இறங்கிவரும் தாமிரபரணி தானே ஸ்ரீவைகுண்டத்து வயல்களுக்கு நீர் பாய்ச்சி, முத்துக்குப் பேர்போன பழைய கொற்கையின் பக்கமாக வந்து, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கின்றது? எனவே அச்சிவயோகியார் நம் நாட்டை நோக்கியே வந்துகொண்டிருந்தார் என்று சொல்லலாம். ஆனால் அவர் பொதியமலைக்கு வந்து சேர்ந்தார் என்று சேக்கிழார் பாடவில்லை. வழியிலேயே நின்றுவிட்டார். அவரை நிறுத்தியது எது? அரசனுடைய ஆணையோ, கள்வருடைய அச்சமோ, உடல் நலிவோ அன்று. சில பசுக்களின் அழுகை!

சாத்தனூர்ப் புல்வெளி

திருவாவடுதுறையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், காவிரிக் கரையில் பசுக்கூட்டம் ஒன்று கதறுவதை யோகியார் கண்டார். சாத்தனூரில் வழிவழியாக ஆநிரை மேய்க்கும் குடியில் வந்த மூலன் என்னும் ஆயன், ஊழ்வினை முடிந்து, மேய்ச்சல் நிலத்திலேயே உயிர் நீங்கிக் கிடந்தான். பசுக்கள் அவனைச் சுற்றி வந்தன, மோந்து பார்த்தன, கதறின, புல்லைத் தொடவில்லை.

உழவர் குடியிலும் ஆயர் குடியிலும் பிறந்தோர்க்கு இக்காட்சி புதிதன்று. மாட்டிற்கு மேய்ப்பவனின் குரல் தெரியும். அவன் மேனியின் மணம் தெரியும். அவன் கை தெரியும். அயலான் ஆயிரம் முறை அழைத்தாலும் திரும்பாத பசு, தன்னை மேய்ப்பவன் நாக்கைச் சொடுக்கி ஒலித்தால் திரும்பும். அத்துணை அன்புடையவன் எழாது கிடந்தால் அது என்ன செய்யும்?

யோகியார் இதைக் கண்டு, 'ஐயோ, பாவம்' என்று சொல்லிக் கடந்து சென்றிருக்கலாம். அவருக்குக் குறிக்கோள் இருந்தது. மலை காத்திருந்தது, முனிவர் காத்திருந்தார். நெடுவழி நடந்தவர்க்குப் போக வேண்டிய தூரம் இனிச் சிறிதே. ஆயினும் அவர் நின்றார். 'இவன் எழுந்தாலன்றி இவ்வுயிர்களின் துயர் நீங்காது' என்று எண்ணினார். தம் திருமேனியைப் பாதுகாவலாக ஓரிடத்தில் வைத்துவிட்டு, மூச்சை அடக்கும் யோக நெறியால் மூலனின் உடம்பில் தம் உயிரைச் செலுத்தித் திருமூலராய் எழுந்தார்.

உடனே பசுக்கள் செய்தது என்ன? நாவால் நக்கின, மோந்தன, கனைத்தன, வாலை உயர்த்திக் களித்தன, பிறகு மேயச் சென்றன. கயிலாய யோகியார் கோலெடுத்து அவற்றின் பின்னே சென்றார். அவை காவிரித் துறையில் இறங்கி நீர் பருகிக் கரையேறும் வரை காத்திருந்தார்; குளிர்ந்த நிழலில் தங்கச் செய்தார். சிவஞானம் கைவந்தவர் அன்றைய பொழுதுக்கு மாடு மேய்த்தார். அதை இழிவென்று கருதவில்லை. அந்த வேலையை அரைகுறையாகச் செய்யவும் இல்லை.

உலகின் பிற நாடுகளிலும் மந்தை மேய்ப்போர் பாடுகின்றனர். அமெரிக்க நாட்டின் மேற்குப் புல்வெளிகளில் மாட்டு மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டிச் சென்றோர், இரவில் மந்தை மிரளாதிருக்கும் பொருட்டுக் குதிரைமேல் சுற்றி வந்து தாழ்ந்த குரலில் பாடுவர். அம்மரபில் வந்தோர் நெவாடா மாநிலத்து எல்கோ என்னும் ஊரில் 1985 முதல் கூடித் தம் பாடல்களை அரங்கேற்றி வருகின்றனர். வாயில்லா உயிரோடு நாள் முழுதும் இருப்பவனுக்குப் பாட்டு வருவது இயல்பு போலும். அவர்கள் மந்தை அமைதி பெறப் பாடினர். நம் நாயனார் மந்தையை வீடு சேர்த்த பின் மன்னுயிர் அமைதி பெறப் பாடினார்.

மூலன் மனைவி

பொழுது சாய்ந்தது. கன்றுகளை நினைந்து பசுக்கள் தாமே சாத்தனூர்க்குத் திரும்பின. ஒவ்வொன்றும் தன் தன் மனைக்குள் புகுந்தது. திருமூலர் புறத்தே தெருவில் நின்றார். புகுவதற்கு அவருக்கு ஒரு மனையும் இல்லை.

அப்பொழுது மூலனின் மனைவி வந்தாள். 'இன்னும் வரவில்லையே' என்று அஞ்சிக்கொண்டே வந்தாள். கணவன் நிற்பதைக் கண்டாள். அவனுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று கலங்கித் தொட வந்தாள். திருமூலர் விலகினார். 'எனக்கும் உனக்கும் இங்கு யாதொரு தொடர்பும் இல்லை' என்று கூறி ஊர்ப் பொதுமடத்தினுள் சென்று யோகத்தில் அமர்ந்தார். அவளுக்கு மக்களும் இல்லை, சுற்றமும் இல்லை. அன்றிரவு அவள் உறங்கவில்லை.

இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவோர் பலர். அடியேன் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. தாய்மார்களின் உள்ளத்தில் இப்பொழுது ஒரு வினா எழுந்திருக்கும்: 'பசுக்களின் துயரைக் காணப் பொறாதவர் இப்பெண்ணின் துயரை எவ்வாறு பொறுத்தார்?' நியாயமான வினா. புராணம் கேட்போர் வினவவே கூடாது என்பது சைவ மரபு அன்று.

சிந்தித்துப் பார்ப்போம். பசுக்களுக்கு வேண்டியது மேய்ப்பனின் கையும் குரலும் காவலும். அவற்றை அவரால் கொடுக்க முடிந்தது, உண்மையாகவே கொடுத்தார். அப்பெண்ணுக்கு வேண்டியவன் மூலன். அவர் மூலன் அல்லர். மூலனின் முகத்தை வைத்துக்கொண்டு அவள் மனைக்குள் புகுந்திருந்தால் அவள் அழுகை அன்றே நின்றிருக்கும். ஆனால் அவள் வாழ்வு முழுதும் ஒரு பொய்யின்மேல் நின்றிருக்கும். இரக்கம் பெரிது. அந்த இரக்கத்தின் பெயரால் ஒருவரை ஏமாற்றுதல் தகாது. துயரைத் தீர்க்க இயலாத இடத்தில் உண்மையையாவது சொல்ல வேண்டும். நாயனார் அதனைச் செய்தார்.

மறுநாள் அவள் சாத்தனூர்ப் பெரியோரிடம் முறையிட்டாள். அவர்கள் வந்து பார்த்தனர். 'இது பித்தும் அன்று. பிறிதொரு மயக்கமும் அன்று. சிவயோகத்தில் நிலைத்த நிலை. நம்மால் அளத்தற்கு அரியது' என்று உணர்ந்து அவளுக்கு உள்ளதை உள்ளவாறு உரைத்தனர். அவள் துயர் ஆறிற்று என்று சேக்கிழார் பாடவில்லை. ஆறாத துயரை ஆறியதாகப் பாடும் புலவர் அல்லர் அவர். அவளுக்குப் பெயரும் சூட்டவில்லை. ஏன்? ஒவ்வோர் ஊரிலும் அவள் இருக்கிறாள் என்பதனால் போலும்.

இக்கடற்கரையில் வாழும் நமக்கு அவளைத் தெரியாதா? வலை வீசச் சென்றவர், சங்கு குளிக்கச் சென்றவர், தோணியேறிச் சென்றவர் திரும்பும் நேரம் கடந்தால் கரையில் வந்து நிற்கும் பெண்களை இவ்வூர் எத்தனை முறை கண்டிருக்கிறது! அவளுக்குக் கணவனைத் திருப்பித் தரும் ஆற்றல் நமக்கு இல்லை. ஆனால் சாத்தனூர்ப் பெரியோரின் இடத்தில் நாம் இருக்கிறோம். 'எல்லாம் மாயை, யாக்கை நிலையாது' என்று சித்தாந்தம் பேசி அவளை அனுப்பிவிடுதல் எளிது. மக்களும் சுற்றமும் இல்லாதவளுக்கு ஊரே சுற்றம் ஆக வேண்டும். அவள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்காதவன் யாக்கை நிலையாமையைப் பற்றிப் பேசுதற்கு உரியவன் ஆகான்.

நாயனாரும் அத்துயரை மறந்தார் என்று அடியேன் நினைக்கவில்லை. திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் ஒரு பாடல் வருகிறது. மனைவி ஆக்கிப் படைத்த சோற்றை ஒருவன் உண்கிறான், அவளோடு இனிது பேசியிருக்கிறான், இடப்பக்கம் சற்று நோகிறது என்கிறான், படுக்கிறான், அவ்வளவே, அவன் எழவில்லை. ஊர் கூடி அழுது, அவன் பெயரை நீக்கிப் பிணம் என்று வழங்கிச் சுட்டுவிட்டு, நீராடியதும் நினைவையும் கழுவிவிடுகிறது என்று வேறொரு பாடல் சொல்கிறது. இவை ஏட்டைப் பார்த்து எழுதிய நிலையாமை அல்ல. ஒரு வீட்டு வாயிலில் நின்று பார்த்தவரின் பாட்டு என்றே அடியேனுக்குத் தோன்றுகிறது.

இடையன் உடம்பும் ஈசன் தமிழும்

நாயனார் பசுக்கள் வந்த வழியே திரும்பிச் சென்று, தம் உடம்பை வைத்த இடத்தில் தேடினார். காணவில்லை. சிவாகமங்களின் பொருளைத் தமிழில் வகுத்துரைக்க வேண்டும் என்னும் திருவுள்ளத்தால் இறைவனே அதனை மறைத்தருளினான் என்று யோக உணர்வால் அறிந்தார். திருவாவடுதுறைக்கே மீண்டு, திருக்கோயிலுக்கு மேற்கே அரசமரத்தின் கீழ் யோகத்தில் அமர்ந்தார். ஆண்டுக்கு ஒரு பாடலாக மூவாயிரம் ஆண்டுகளில் மூவாயிரம் பாடல் அருளினார் என்பது புராணம். ஒன்பது தந்திரங்களாக அமைந்த அந்நூல் பன்னிரு திருமுறைகளுள் பத்தாம் திருமுறையாக விளங்குகின்றது.

ஆகமத்தைத் தமிழாக்க இறைவன் தேர்ந்தெடுத்த உடம்பு எது என்று எண்ணிப் பாருங்கள். அரசன் உடம்பும் அன்று. ஏடு கற்ற புலவன் உடம்பும் அன்று. காலையில் கோலெடுத்துப் போய் மாலையில் தூசியோடு திரும்பும் ஆயனின் உடம்பு. அவன் நாவில் பழகிய தமிழே நாயனாருக்குக் கருவியாயிற்று. ஆகவேதான் யோகமும் ஞானமும் பேசும் அந்நூலில் தொழுவத்தின் மணம் வீசுகின்றது.

சைவ சித்தாந்தத்தின் முப்பொருள் பதி, பசு, பாசம் என்பதை அறிவீர்கள். உயிருக்குப் பசு என்று பெயர். பாசம் என்றால் கயிறு. பதி என்றால் தலைவன். நாம் ஏடு கொண்டு விளக்க வேண்டிய இதனை மாடு மேய்ப்பவன் நாள்தோறும் கண்ணால் காண்கிறான். கட்டுத்தறியில் நிற்கும் மாடு தன் கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொள்ள முடியாது, இழுத்தால் இறுகும். உடையவன் வந்து அவிழ்க்க வேண்டும். அவன் வந்து அவிழ்ப்பதற்கே அருள் என்று பெயர்.

நாயனார் பாடுகிறார்: மாடுகள் பல நிறம், அவை தரும் பாலோ ஒரே நிறம், மேய்ப்பவனும் ஒருவனே. சமயமும் குலமும் பேசிப் பிரிந்து நிற்போர்க்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலுமா? பால் கறந்த கைக்கே இவ்வுவமை எளிதில் வரும்.

மற்றொரு பாடல் விடுகதை போன்றது. ஒரு வீட்டில் ஐந்து கறவைப் பசுக்கள். மேய்ப்பார் இல்லாமல் வெறிகொண்டு திரிகின்றன. மேய்ப்பான் ஒருவன் வாய்த்து அவற்றின் வெறியும் அடங்கினால் ஐந்தும் பாலாய்ப் பொழியும் என்கிறார். ஐந்து பசு என்பன ஐம்பொறிகள். அடியேன் இதில் வியப்பது ஒன்று. பொறிகளைப் பகை என்று சொல்லாமல், கொல்ல வேண்டும் என்று சொல்லாமல், கறவைப் பசு என்கிறார். ஆயன் மாட்டைக் கொல்வானா? பழக்குவான், மேய்ப்பான், பால் கறப்பான். கண்ணையும் செவியையும் அவ்வாறே பழக்கித் திருக்கோயில் வாயிலுக்கு ஓட்டி வந்தால் அவையும் பால் தரும்.

மூச்சும் முத்தும்

நாயனார் முன்பு உடம்பை இழிவாக எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்ட பின் அதனைப் பேணத் தொடங்கியதாகவும் தாமே பாடுகிறார். இம்மாற்றம் நமக்கு எதனை உணர்த்துகிறது? அவர் இருந்தது பிறனுடைய உடம்பு. இரவல் பொருளைச் சொந்தப் பொருளினும் கருத்தாகக் காப்பது நல்லோர் இயல்பு. வாடகைக்கு எடுத்த தோணியைப் பழுதின்றித் திருப்பித் தருவது வாணிக நாணயம் என்று இவ்வூர் வணிகர் அறிவர். நம் உடம்பும் இரவல் தோணியே. நம் விருப்பப்படி வந்ததன்று. நம் விருப்பப்படி தங்குவதும் அன்று. உள்ளபோது ஓட்டை விழாமல் காத்துச் சரக்கைக் கரைசேர்ப்பதே நம் கடமை.

மூன்றாம் தந்திரத்தில் நாயனார் எட்டுறுப்பு யோகத்தை விரித்து, மூச்சை ஆளும் முறையைக் கூறுகிறார். மூச்சின் அருமையை இக்கரை அறியும். முத்துக்குளிப்பவர் கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சை அடக்கிச் சிப்பிகளை வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். 1961 ஆம் ஆண்டுக்குப் பின் இக்கரையில் சலாபம் நடைபெறவில்லை. ஆயினும் அத்தொழில் கற்பித்த பாடம் நிற்கிறது. அடக்கிய மூச்சு சிறிது. அதற்குள் வார வேண்டியது பெரிது. ஆழத்தில் வேடிக்கை பார்த்தவனுக்கு முத்து இல்லை. மேலே கயிறு பிடித்தவனை நம்பாதவனுக்குத் துணிவு இல்லை. நம் மூச்சும் எண்ணி அளக்கப்பட்டதே. திருவைந்தெழுத்தாகிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவன் சங்கரராமேசுவரன்.

நம்மால் ஆவது

'யோகமும் ஞானமும் எங்களுக்கு எட்டுமா? விடிந்தால் துறைமுக வேலை, உப்பள வேலை, கடை வேலை' என்று அன்பர்கள் எண்ணலாம். நாயனார் உங்களை மறக்கவில்லை. எவர்க்கும் இயலும் நான்கு செயல்களை ஒரு பாடலில் எண்ணித் தந்திருக்கிறார். இறைவனுக்கு ஒரு பச்சிலை. பசுவுக்கு ஒரு வாய்ப் புல். உண்ணுமுன் பிறர்க்கு ஒரு பிடி சோறு. இவற்றுள் எதற்கும் வழியில்லை என்றால், பிறரிடம் ஓர் இனிய சொல். வில்வம் பறிக்கப் பொருள் வேண்டா. புல் அறுக்கப் புலமை வேண்டா. இனிய சொல்லுக்கு விலையே இல்லை. மாடு மேய்த்தவராதலின், இறைவனுக்கு அடுத்த இடத்தில் மாட்டின் பசியை நினைத்தார். அடுத்து மனிதன் பசியை நினைத்தார்.

அன்பர்களே! நாம் அனைவரும் ஒரு பொதியமலையை நோக்கி விரைந்துகொண்டிருக்கிறோம். பொருள், பதவி, பிள்ளைகளின் படிப்பு, தலயாத்திரை கூட ஒரு பொதியமலைதான். விரைந்து செல்லும் வழியில் எங்கோ ஓர் உயிரின் அழுகை கேட்கும். நாயனார் அங்கே நின்றார். நின்றதால் அவர் போக எண்ணிய இடத்திற்குப் போகவில்லை. தம் உடம்பையும் இழந்தார். உலகம் திருமந்திரத்தைப் பெற்றது. அவர் அன்று நில்லாமல் நடந்திருந்தால் அகத்தியரைக் கண்டிருப்பார். நமக்கு மூவாயிரம் தமிழ் கிடைத்திராது.

ஆகவே, இத்திருவிழா முடிந்து இல்லம் திரும்பும்போது ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். தெருவில் கட்டுத்தறியில் நிற்கும் மாட்டிற்கு ஒரு கைப் புல் இடுங்கள். உங்கள் தெருவில் துணையிழந்து தனியே இருக்கும் தாய் ஒருத்தி இருப்பாள். அவள் வாயிலில் நின்று, 'அம்மா, சாப்பிட்டீர்களா?' என்று கேளுங்கள். திருமூலரின் குருபூசை அங்கே தொடங்கும்.

எல்லா உயிர்களையும் மேய்க்கும் தலைவனாகிய சங்கரராமேசுவரப் பெருமான் நம் கயிற்றை அவிழ்த்துத் தன் திருவடி நிழலில் சேர்ப்பானாக.

திருமூலதேவ நாயனார் திருவடி வாழ்க.

சிவாயநம. திருச்சிற்றம்பலம்.